ஆலை முனையில் அப்பா

கால்டர்பி
6 அக்டோபர் 1985

அன்புள்ள மேவிஸ் அக்காவுக்கு,

என் இடது முழங்காலைத் தவிர இங்கே மற்றதெல்லாம் சுகம். டோரீனுக்கு இருமல் விட்டுவிட்டது. அடிலெய்டில் இப்போது வெயில் ஆரம்பித்திருக்கும். உன் கால் வீக்கம் குறைந்ததா? கென் அத்தான் மாடி ஏறும்போது இன்னும் மூச்சு வாங்குகிறாரா?

பயந்துபோய்த்தான் இதை எழுதுகிறேன். நம் டவுன் கால்பந்து கிளப் இந்த வருஷத்தைத் தாண்டாது போலிருக்கிறது. வருஷா வருஷம் நீ இதைத்தானே எழுதுகிறாய் என்று சிரிக்காதே. இந்தத் தடவை வேறு மாதிரி. போன மே மாதம் ஒரு மைதானத்தில் மரக் கேலரி எரிந்து அத்தனை பேர் செத்தார்களே, அதிலிருந்து நகராட்சிக்காரர்கள் ஒவ்வொரு மைதானமாகச் சோதனை போடுகிறார்கள். நம்முடைய கேலரித் தூணை ஒருத்தன் பேனாக்கத்தியால் குத்திப் பார்த்தான். கத்தி பிடி வரைக்கும் உள்ளே போயிற்று. அன்றைக்கே பூட்டிவிட்டார்கள். மழையில் நனைய மனமில்லாதவர்கள் எல்லாம் வீட்டோடு இருக்கிறார்கள். போன சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஆயிரம் பேர்கூட இல்லை. ஆட்டக்காரர்களுக்கு செப்டம்பர் சம்பளம் பாதிதான் வந்ததாம்.

அதுகூடப் பரவாயில்லை. செவ்வாய்க்கிழமை ஒன்பதாம் நம்பர் பஸ்ஸை மைதானத்தை ஒட்டி ஓட்டிக்கொண்டு வந்தேன். டிரைவர் இருக்கையிலிருந்து மதிலுக்கு மேலே தெரியும். கோட்டு போட்ட மூன்று பேர் அளக்கும் நாடாவை நீட்டிப் பிடித்துக்கொண்டு, ஆலைச் சுவரை ஒட்டிய பக்கம், அப்பா எப்போதும் நிற்கும் ஆலை முனைக் கோலுக்கு முன்னால் நின்றார்கள். நிறுத்தத்தில் நிறுத்தவே மறந்துவிட்டேன். பின்னாலிருந்து ஒரு அம்மாள், "ஏம்ப்பா, பஸ்ஸை உன் வீட்டுக்கே ஓட்டிட்டுப் போறியா?" என்று கத்தினாள்.

அந்த மூவரும் சூப்பர் மார்க்கெட் ஆட்களாம். மைதானத்தை வாங்கி இடித்துக் கடை கட்டப் போகிறார்களாம். ஆலை முனைப் பக்கம் கார் நிறுத்துமிடம். ஆனால் ரசிகர்களாகிய எங்களைக் கேட்காமல் விற்க முடியாது. பாதிக்கு மேல் பங்கு எங்கள் கையில்தான் இருக்கிறது. அப்பா 1948இல் ஒரு பவுண்டுக்கு வாங்கினாரே, அந்த மாதிரிப் பங்குகள். ரசிகர் சங்கத்துக்கு இப்போது நான்தான் செயலாளர். என்ன செய்வது என்று புரியவில்லை அக்கா.

உன் தம்பி,
நார்மன்


அடிலெய்டு
19 அக்டோபர் 1985

தம்பி நார்மனுக்கு,

கால் வீக்கம் அப்படியேதான் இருக்கிறது. அத்தானுக்கு மூச்சு வாங்குகிறது, ஆனால் மாடி ஏறும்போது புகை பிடிப்பதை நிறுத்தியிருக்கிறார். முன்னேற்றம்தான். டோரீனுக்குத் தேனும் எலுமிச்சையும் கொடு.

உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் கிளப்பை நான் நினைக்கவில்லை. அப்பாவைத்தான் நினைத்தேன். மைதானத்தை இடித்தால் அப்பா என்ன ஆவார்?

அவர் செத்தபோது அத்தான் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்ததால் நான் வர முடியவில்லை. சாம்பலை ஆலை முனையில் தூவ வேண்டும் என்று அவர் கேட்டதும், நீ தூவியதும் எனக்குக் கடிதத்தில்தான் தெரியும். அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. "தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஆலை முனைக் கோலுக்கு முன்னால் தூவினேன். பிக்கிள்ஸ் பக்கத்தில் நின்றார். மழை அப்போதுதான் விட்டிருந்தது" என்று எழுதியிருந்தாய். மைதானம் பார்த்துக்கொள்ளும் பிக்கிள்ஸ் இன்னும் இருக்கிறார்தானே?

அப்பா மேலே யாரோ ஒருத்தன் காரை நிறுத்திவிட்டு உருளைக்கிழங்கு வாங்கப் போவான் என்று நினைத்தாலே எனக்குப் பொறுக்கவில்லை. எந்த இடம் என்று சரியாகச் சொல். இடது கம்பத்துக்குப் பக்கமா, வலது கம்பத்துக்கா, எத்தனை அடி தள்ளி? படம் போட்டு அனுப்பு.

அக்கா மேவிஸ்


கால்டர்பி
10 நவம்பர் 1985

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் பனியில் கொஞ்சம் படுத்துகிறது. மற்றபடி குறை சொல்லும்படி ஒன்றும் இல்லை. அத்தானிடம் புகையை அடியோடு விடச் சொல்.

கிளப் விஷயத்தை உனக்கு விவரமாகச் சொல்கிறேன். என் அபிப்பிராயம் இதுதான். நான்காம் பிரிவில் ஆடும் ஒரு கிளப்புக்கு வருமானம் மூன்று வழிதான். வாசல் டிக்கெட், இடைவேளையில் விற்கும் டீயும் கறி அடைத்துச் சுட்ட மீட் பையும், நல்லா ஆடுகிற ஒரு பையனைப் பெரிய கிளப்புக்கு விற்பது. நம் தலைவர் கிரேஞ்சர் மூன்றையும் கெடுத்தார். டிக்கெட் விலையை ஏற்றினார், கூட்டம் ஓடியது. மீட் பையைச் சின்னதாக்கினார். "இதை வாயில போட்டா பல்லுக்குக்கூடத் தெரியாது" என்று ஆலை முனையில் எல்லோரும் சொல்லிக்கொள்கிறோம். இருந்த ஒரே நல்ல பையனை விற்ற காசில், முப்பத்துநாலு வயதில் நொண்டிக்கொண்டிருந்த ஒருத்தனை வாங்கினார். அவன் இதுவரை போட்டது ஒரே கோல். அதுவும் நம் பக்கத்துக் கோலில்.

வரி பாக்கிக்காக வரிக்காரர்கள் கோர்ட்டுக்குப் போகப் போகிறார்களாம். கோர்ட் தீர்ப்பு எழுதினால் கிளப்பை அன்றைக்கே கலைத்துவிடுவார்கள். மைதானத்தை விற்றால் பாக்கி எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, பக்கத்து ஊர் ஸ்டாக்லி கிளப்போடு அவர்கள் மைதானத்தைப் பகிர்ந்துகொள்ளலாம் என்கிறார் கிரேஞ்சர். ஸ்டாக்லியாம்! அந்த ஊர் வழியாகப் போகும் ரயிலில்கூட அப்பா ஏறமாட்டார்.

நான் இதற்கு ஒத்துக்கொள்ளவே மாட்டேன். மைதானம் போனால் கிளப் இல்லை. டிசம்பர் கூட்டத்தில் எல்லோரையும் எதிர்த்துக் கை தூக்க வைக்கப் போகிறேன். வீடு வீடாகப் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறேன். பஸ்ஸில் சில்லறை கொடுக்கும்போதும் அதே பேச்சுதான்.

இங்கே இன்றைக்கு நல்ல காற்று. வேறு விசேஷம் இல்லை.

தம்பி,
நார்மன்


அடிலெய்டு
24 நவம்பர் 1985

நார்மனுக்கு,

எல்லோரும் சுகம். நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். மீட் பை என்ன அளவு என்று எனக்கு இப்போது அத்துப்படி. அப்பா எந்த இடத்தில் இருக்கிறார் என்று கேட்டேனே, அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

கிளப் பற்றி நீ எழுதியதை அத்தானும் படித்தார். இரண்டு பேரும் யோசித்தோம். நீ எழுதிய கணக்கே சொல்கிறதே, விற்பதைத் தவிர வேறு வழி இல்லை என்று! கிளப் செத்த பிறகு மைதானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வாய், மாடு மேய்ப்பாயா? உனக்குக் கணக்கு நன்றாக வரும். இது மட்டும் எப்படி உன் கண்ணில் படவில்லை என்று ஆச்சரியமாக இருக்கிறது.

அப்பாவே இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார். மைதானத்தைவிட அவருக்கு ஆட்டம் பெரிது. அவர் இருக்கும் இடத்தில் ஒரு சதுர அடிப் புல்லை மண்ணோடு வெட்டி எடுங்கள். அம்மா கல்லறை ஓரத்தில் வையுங்கள். அதற்கான செலவு என்னுடையது. பிறகு விற்றுவிட்டுக் கிளப்பைப் பிழைக்க வையுங்கள். ஒரு சதுர அடிதானே தம்பி! அதற்கா இவ்வளவு போராட்டம்?

மேவிஸ்


கால்டர்பி
15 டிசம்பர் 1985

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். டோரீன் உனக்குக் கம்பளிக் காலுறை பின்னி அனுப்பியிருக்கிறாள். அங்கே வெயில் என்று எத்தனை தடவை சொன்னாலும் அவள் கேட்பதில்லை.

கூட்டம் நடந்தது. தொழிலாளர் மன்றத்தில் உட்கார இடமில்லை. கிரேஞ்சர் காகிதங்களைக் காட்டிப் பேசினார். அப்புறம் நான் எழுந்தேன். அவ்வளவு பேர் முன்னால் நான் பேசியதே இல்லை. நம் தாத்தாக்கள் ஆலை கொட்டிய சாம்பல் மேட்டைக் கொத்திச் சமப்படுத்திய மைதானம், அங்கே உருளைக்கிழங்கு விற்க விடமாட்டோம் என்று ஏதேதோ பேசினேன். சுழல் கதவில் டிக்கெட் கிழிக்கும் லென் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். "நார்மன் சொன்னா சரியாத்தான்யா இருக்கும்" என்று சொல்லிவிட்டு முதல் ஆளாகக் கை தூக்கினார். விற்கக் கூடாது என்று 214 பேர். விற்கலாம் என்று 163 பேர்.

எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். கிரேஞ்சர் மட்டும் போகும்போது, "கிளப்பைக் காப்பாத்திட்டேன்னு நெனைக்காதீங்க நார்மன். இப்பத்தான் சாகடிச்சிருக்கீங்க" என்றார். அந்த வார்த்தை காதிலேயே நிற்கிறது. பஸ் ஓட்டும்போதும் நிற்கிறது.

அப்பா பத்திரமாக இருக்கிறார். அதைப் பற்றிக் கவலைப்படாதே.

தம்பி


அடிலெய்டு
4 ஜனவரி 1986

நார்மனுக்கு,

புது வருஷ வாழ்த்து. காலுறை வந்தது, டோரீனுக்கு என் நன்றி. இங்கே நூற்றுநான்கு டிகிரி.

இரண்டு கடிதத்தில் கேட்டேன், நீ சொல்லவில்லை. அதனால் நேரே கிளப்புக்கே எழுதிவிட்டேன். எஸ்ரா ஹோல்ராய்டின் மகள் நான், என் தந்தையின் சாம்பல் தூவிய இடத்தைக் காட்டும்படி திரு. பிக்கிள்ஸைக் கேட்டுக்கொள்கிறேன் என்று. அவர்தான் பக்கத்தில் நின்றாரே, அவருக்குத் தெரியும்.

கோபித்துக்கொள்ளாதே. எனக்குப் பயமாக இருக்கிறது. இவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு வேறு என்ன செய்வேன்?

மேவிஸ்


கால்டர்பி
19 ஜனவரி 1986

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பெல்லாம் சுகம்தான். மனசுதான் இல்லை.

வியாழக்கிழமை பிக்கிள்ஸ் உன் கடிதத்தோடு பஸ் டிப்போவுக்கே வந்துவிட்டார். "நார்மன், ஒங்கக்கா என்கிட்டக் கேக்குறாங்க. நான் பொய் சொல்லமாட்டேன். நீயே சொல்லிடு" என்றார். சொல்கிறேன். இதைப் படித்துவிட்டு நீ என்ன திட்டினாலும் சரி.

அப்பாவை நான் தூவவில்லை.

தூவத்தான் நினைத்தேன். சுடுகாட்டில் கொடுத்த ஜாடியை டோரீன் வீட்டுக்குள் விடவில்லை. "செத்தவரை அலமாரியில வச்சுக்கிட்டு நான் சமைக்கமாட்டேன்" என்றாள். ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போக எனக்குக் கூச்சம். எல்லோருக்கும் என்னைத் தெரியுமே. அதனால் ஒரு பெரிய டாஃபி டின்னில் மாற்றி மைதானத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். பிக்கிள்ஸ், "சீசன் நடுவுல சாம்பல் போட்டா புல்லு கருகிடும்யா. மே மாசம் விதை போடுவோம், அப்ப கலந்து தூவிடலாம்" என்றார். நியாயம்தான் என்று டின்னை அவருடைய கொட்டகையில் வைத்தேன். உனக்கு மட்டும் தூவிவிட்டதாக எழுதினேன். இவ்வளவு தொலைவில் அழுதுகொண்டிருப்பாய், ஆறுதலாக இருக்கட்டும், எப்படியும் மே மாதம் உண்மையாகிவிடும் என்று நினைத்தேன்.

1980 மார்ச் 8, சனிக்கிழமை. பிக்கிள்ஸ் இடுப்புப் பிடித்துப் படுத்துவிட்டார். மைதானத்தில் கோடு போட லென்னை அனுப்பினார்கள். காசு பாக்கி என்று கடைக்காரன் சுண்ணாம்புப் பொடி கொடுப்பதை நிறுத்தியிருந்த சமயம். கொட்டகையில் பாதி மூட்டைதான் இருந்தது. லென் அங்கே இங்கே தேடி, டாஃபி டின்னைத் திறந்து பார்த்திருக்கிறார். வெளுப்பாகப் பொடி. கோடு போடும் வண்டியில் கொட்டிவிட்டார்.

அன்றைக்கு நல்ல மழை. நான் ஆலை முனையில் நின்றுகொண்டிருந்தேன். கோடுகள் அழுக்காக, மங்கலாகத் தெரிந்தன. பக்கத்தில் ஒருத்தன், "கிளப்புக்குச் சுண்ணாம்பு வாங்கக்கூட வக்கில்லப்பா" என்றான். நானும் சிரித்தேன் அக்கா. வாய்விட்டுச் சிரித்தேன்.

மூன்று கோல் வாங்கித் தோற்றோம். மூன்றும் ஆலை முனைக் கோலில். ஆட்டம் முடிந்து கொட்டகைக்குப் போனால், டின்னைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். "அதுலருந்த பொடியா? கோடு போட்டுட்டேனே" என்றார் லென். நான் சரி என்றேன். லென் நல்ல மனுஷன். தெரிந்தால் உயிரை விட்டுவிடுவார். இன்று வரை அவருக்குத் தெரியாது. மிச்சமிருந்த சுண்ணாம்போடு சேர்த்துக் கலக்கியிருப்பார், மைதானம் முழுக்க எல்லாக் கோட்டிலும் போயிருக்கும் என்றார் பிக்கிள்ஸ்.

நீ ஒரு சதுர அடி கேட்டாய். எந்தச் சதுர அடியை வெட்டுவேன்? மொத்த மைதானமும் அப்பாதான். அதனால்தான் விற்க விடவில்லை. தாத்தா, சாம்பல் மேடு என்று மேடையில் அளந்ததெல்லாம் சும்மா. 214 பேர் என்னை நம்பிக் கை தூக்கினார்கள். கிளப் இப்போது செத்துக்கொண்டிருக்கிறது. நான்தான் கொன்றேனோ என்று பயமாக இருக்கிறது.

ஏதாவது எழுது. திட்டியாவது எழுது.

நார்மன்


கால்டர்பி
23 பிப்ரவரி 1986

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். ஐந்து வாரமாகிறது. தபால்காரர் வந்தால் டோரீனைக் கதவுக்குப் போகவிடாமல் நானே ஓடுகிறேன். மின்சார பில்தான் வருகிறது.

கிளப் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஜனவரி சம்பளம் வரவில்லை. கோல்கீப்பர் பகலில் கசாப்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். ஏப்ரல் 14 லண்டன் கோர்ட்டில் விசாரணை. சூப்பர் மார்க்கெட்காரர்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு இடம் பார்க்கிறார்களாம். போன சனிக்கிழமை ஆட்டத்தில் லென் என் டிக்கெட்டைக் கிழித்துக்கொடுத்துவிட்டு, "நீ இருக்கிறப்ப எங்களுக்கென்னய்யா பயம்" என்றார். அந்தக் கதவுக்குள் நுழையவே எனக்குக் கால் வரவில்லை.

எழுது அக்கா.

நார்மன்


அடிலெய்டு
5 மார்ச் 1986

அன்புள்ள நார்மன்,

உன் அக்கா உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுதமாட்டேன் என்கிறாள். அதனால் நான் எழுதுகிறேன். எழுதுவது அவளுக்குத் தெரியாது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நீ ஒரு செய்தித்தாள் துண்டு அனுப்பினாயே, ஆலை முனைக் கோல் தெரியும் படம். அதில் அவள் பேனாவால் ஒரு சின்னச் சிலுவை போட்டு, சமையலறைச் சுவரில் மாட்டியிருந்தாள். வருஷா வருஷம் உங்கள் அப்பா இறந்த நாளில் அதன் முன்னால் நின்றுவிட்டுத்தான் காப்பி குடிப்பாள். உன் ஜனவரிக் கடிதம் வந்த அன்று அதைக் கழற்றி டிராயரில் போட்டுவிட்டாள். "எந்த இடத்தைப் பார்த்து நின்னுக்கிட்டிருந்தேன் நான்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்காதே. நான் முப்பது வருஷம் பெயிண்டர் வேலை பார்த்தவன். எந்த வேலைக்காரனும் தெரியாத பொடியை நல்ல சரக்கோடு கலக்கமாட்டான். தனியாகப் போட்டுப் பார்ப்பான். அந்த லென்னிடம் நீயும் பிக்கிள்ஸும் கேட்கவே இல்லை. நீங்களாகவே முடிவு கட்டிக்கொண்டீர்கள். போய்க் கேள்.

நான் இப்போது புகை பிடிப்பதில்லை. டோரீனிடம் சொல்.

கென்


கால்டர்பி
30 மார்ச் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

நீ படிக்கிறாயா இல்லையா என்று தெரியாமல் எழுதுகிறேன். சுகமாக இரு.

ஒருவர் சொல்லித்தான் லென்னிடம் போனேன். யார் என்று கேட்காதே. டீக்கடையில் உட்கார வைத்து, சுற்றி வளைத்துக் கேட்டேன். 1980 மார்ச்சில் பிக்கிள்ஸுக்குப் பதிலாகக் கோடு போட்டீர்களே, ஒரு டாஃபி டின் பொடி, நினைவிருக்கிறதா?

"மறக்குமா? அந்தப் பொடியால பட்ட பாடு! நல்ல சுண்ணாம்போட சேர்த்தா அதுவும் கெட்டுப் போயிடுமேன்னு தனியாப் போட்டுப் பார்த்தேன். ஆலை முனைக் கோல் கோட்டுலதான் ஆரம்பிச்சேன். இந்தக் கம்பத்துலேருந்து அந்தக் கம்பம் போறதுக்குள்ள வண்டி அடைச்சுக்கிச்சு. கவுத்துத் தட்டி, மிச்சத்தையும் அங்கேயே தள்ளிவிட்டேன். மத்த கோடெல்லாம் சுண்ணாம்புதான். மட்டமான சரக்குய்யா அது. எவன்கிட்ட வாங்கினாங்களோ!"

அப்பாவை மட்டமான சரக்கு என்றவருக்கு நான்தான் டீக்குக் காசு கொடுத்தேன். ஆறு வருஷம் அக்கா. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

மறுபடி கூட்டம் கூட்டச் சொல்லிக் கிரேஞ்சரிடம் போய் நின்றேன். சூப்பர் மார்க்கெட்காரர்கள் இன்னும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கையெழுத்துப் போடவில்லையாம். விலையைக் குறைத்துக் கேட்கிறார்களாம், கோர்ட் நாளுக்குள் பதில் வேண்டுமாம். போன சனிக்கிழமை கூட்டம் நடந்தது. மைதானத்தை விற்றுவிடலாம் என்று நான் சொன்னதும், "காசு வாங்கிட்டியா நார்மன்?" என்று ஒருத்தன் கத்தினான். எல்லாவற்றையும் சொன்னேன். டின், கொட்டகை, மழை, உனக்கு எழுதிய பொய், டிசம்பரில் அவர்களுக்குச் சொன்ன பொய். லென் பெயரை மட்டும் சொல்லவில்லை. யாரோ கோடு போட்டார்கள் என்றேன்.

அடித்துவிடுவார்கள் என்றே நினைத்தேன். முன்வரிசையிலிருந்து லென் மெதுவாக எழுந்தார். முகம் வெளுத்துவிட்டது.

"டின்னு மூடியில ஒரு சீட்டு எழுதி ஒட்டக் கூடாதாய்யா?" என்றார். அப்புறம் தொப்பியைக் கழற்றினார். "எஸ்ரா பக்கத்துல நின்னுதான் முப்பது வருசம் ஆட்டம் பார்த்தேன். என் கையாலயா..." அப்படியே உட்கார்ந்து கையை மட்டும் தூக்கினார். பின்னால் ஒவ்வொரு கையாக எழுந்தது. நான் எண்ணவில்லை. எண்ணியவர் 331 என்றார்.

இனி கோர்ட் என்ன சொல்கிறதோ. ஸ்டாக்லிக்குப் போய்த்தான் ஆட வேண்டும். போகிறோம்.

தம்பி,
நார்மன்


கால்டர்பி
11 மே 1986

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தை நீ எழுதினால்தான் எனக்குத் தெரியும்.

கோர்ட்டில் பதினைந்து நிமிஷம்தானாம். விற்பனைப் பத்திரத்தைக் காட்டியதும் மனுவைத் தள்ளிவிட்டார்கள். கிளப் பிழைத்தது. கிரேஞ்சர் டெலிபோனில் சொன்னபோது டிப்போவில் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

மே 3 கடைசி ஆட்டம். நான்காயிரம் பேர்! அக்டோபரில் இவர்களெல்லாம் எங்கே இருந்தார்கள்? ஆட்டம் முழுக்க எனக்கு ஒரே பயம், யாராவது ஆலை முனையில் கோல் போட்டுவிடுவானோ என்று. யாரும் போடவில்லை. இரண்டு பக்கமும் சுழியம். விசில் ஊதியதும் ஜனங்கள் கத்தியும் கரண்டியுமாக இறங்கி ஆளுக்கொரு துண்டு புல் வெட்ட ஆரம்பித்தார்கள். நான் முழங்காலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். போய்ப் பார்த்தால், ஆலை முனைக் கோல் கோட்டைச் சுற்றி நம் ரசிகர்கள் கை கோத்து நின்றுகொண்டிருக்கிறார்கள். யாரையும் விடவில்லை. "ஹோல்ராய்டு வீட்டாளு வர்ற வரைக்கும் ஒருத்தனும் தொடக்கூடாது" என்று லென் கத்திக்கொண்டிருந்தார்.

கம்பத்துக்குக் கம்பம் இருபத்துநாலு அடி. பிக்கிள்ஸ் எட்டுத் துண்டாக வெட்டிச் சுருட்டிக் கொடுத்தார். லென் சுமந்தார், வேறு யாரையும் தொடவிடவில்லை. அம்மா கல்லறையில் அவ்வளவு பெரிய புல்லுக்கு இடம் தரமாட்டோம் என்றார்கள். வீட்டுக்கே கொண்டுவந்தேன். நம் கொல்லை பதினாலு அடிதான். இரண்டு வரிசையாகப் பதித்திருக்கிறோம். டோரீனை எப்படிச் சமாளிப்பது என்று கலங்கிக்கொண்டிருந்தேன். அவள் துணிக்கொடியை அவிழ்த்து அந்தப் பக்கம் கட்டினாள். "வீட்டுக்குள்ளதான் வேணாம்னேன். கொல்லையில வேணாம்னு எப்பச் சொன்னேன்?" என்றாள். தினமும் அவள்தான் தண்ணீர் ஊற்றுகிறாள்.

வேர் பிடிக்குமா என்று தெரியவில்லை. ஒரு மூலையில் மஞ்சளடிக்கிறது. காலையில் எழுந்ததும் அதைத்தான் போய்ப் பார்க்கிறேன். இத்தோடு ஒரு சிட்டிகை புல்லும் மண்ணும் வைத்திருக்கிறேன். எந்த இடம் என்று கேட்டாயே. இதுதான் அக்கா அந்த இடம்.

உன் தம்பி,
நார்மன்


அடிலெய்டு
1 ஜூன் 1986

தம்பிக்கு,

கால் வீக்கம் வடிந்துவிட்டது. அத்தான் நலம். யார் உன்னை லென்னிடம் அனுப்பியது என்று எனக்குத் தெரியும். அவருக்கு ரகசியம் காக்க வராது.

உன் உறை வந்தது. ஓரத்தைக் கிழித்து மறுபடி ஒட்டியிருந்தார்கள். உள்ளே கடிதம் இருந்தது, புல் இல்லை. அதற்குப் பதிலாகத் துறைமுகச் சோதனைக்காரர்களின் ஒரு அச்சுச் சீட்டு. இந்த நாட்டுக்குள் வெளிநாட்டு மண்ணை விடமாட்டார்கள், உனக்குத் தெரிந்திருக்காது. "மண், தாவரம். எரித்து அழிக்கப்பட்டது" என்று எழுதி முத்திரை குத்தியிருக்கிறார்கள்.

அப்பாவை இரண்டாவது தடவையும் எரித்துவிட்டார்கள், நார்மன்.

சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்று சிரித்தேன். நிறுத்த முடியவில்லை. அத்தான் பயந்து ஓடிவந்தார். அப்புறம் அழுதேன். ஜனவரியிலிருந்து அழாமல் வைத்திருந்ததையெல்லாம் அழுதேன். படத்தை டிராயரிலிருந்து எடுத்துத் திரும்ப மாட்டிவிட்டேன். சிலுவை தப்பான இடத்தில்தான் இருந்தது, ஆனால் ரொம்பத் தப்பு இல்லை. நான்கு அடிதான் தள்ளி.

பொய் சொன்னதை நான் மறக்கமாட்டேன். ஆனால் ஆறு வருஷம் அதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு நீ பஸ் ஓட்டியிருக்கிறாய். அதை நினைத்தால் என் கோபம் தங்கமாட்டேன் என்கிறது. அன்றைக்கு மூன்று கோலும் அந்தக் கோட்டைத் தாண்டித்தான் போனதா? நாற்பத்தெட்டு வருஷமாகக் கம்பத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு கோல்கீப்பரைத் திட்டினாரே, ஒன்றையாவது நிறுத்தியிருக்கக் கூடாதா அந்த மனுஷன்?

விமான டிக்கெட் வாங்கிவிட்டேன். ஆகஸ்ட் 20 வந்து சேர்வேன். ஸ்டாக்லியில் முதல் ஆட்டத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போ.

அதற்குள் புல்லில் வெள்ளைக் கோடு அழிந்துபோனால் அப்படியே இருக்கட்டும். நான் வந்து போடுகிறேன். சுண்ணாம்பைக் கடையில் நானே வாங்குகிறேன். உன் வீட்டில் இருக்கும் எந்த டின்னையும் நீ திறக்காதே.

உன் அக்கா,
மேவிஸ்